வைஃபையிலும் ஒரு பாடு

வீட்டில் இருக்கும் டேப்லெட்டில் பிரவுசரைத் திறந்து, முகவரி எழுதும் இடத்தில் 192.168.1.1 என்று தட்டிப் பாருங்கள். சில வீடுகளில் அது 192.168.0.1 ஆக இருக்கும். வந்து நிற்கும் பக்கம் இணையத்தில் எங்கோ தொலைவில் இருப்பதல்ல. சுவரில் மாட்டி, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ரவுட்டர் பெட்டிக்குள்ளேயே இருப்பது. 192.168 என்று தொடங்கும் எண்களை வீடு, கடை, அலுவலகம் ஆகியவற்றின் உள் இணைப்புகளுக்கென்று 1990-களிலேயே ஒதுக்கிவிட்டார்கள். அதனால் பழவேற்காட்டு வீட்டு 192.168.1.1-ம் பாரிஸ் வீட்டு 192.168.1.1-ம் ஒன்றையொன்று அறியாத இரண்டு பெட்டிகள். கேபிள்காரர் இணைப்புக் கொடுத்த அன்று தன் போனில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, விறுவிறுவென்று தட்டிவிட்டுப் போவார் அல்லவா, அதே பக்கம்தான் இது. அதைத் திறக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு இருக்கிறது. பலர் இதுவரை திறந்ததே இல்லை.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று பழவேற்காட்டு ஏரியையும் கடலையும் ஒட்டிய ஊர்களில் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. வைஃபை அலை ஓலைக் கூரையையும் மரக் கதவையும் பெரிதாகப் பொருட்படுத்தாது. கான்கிரீட் சுவர்தான் அதை மெலிய வைக்கும். உங்கள் கூடத்தில் வைத்த பெட்டியின் சிக்னல் பக்கத்து வீட்டுத் திண்ணை வரை போகும், தெருவில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரின் போனிலும் தெரியும். கேட்டால் பாஸ்வேர்டு சொல்வதும் இயல்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆன்லைன் வகுப்பு என்றால் யார் மறுப்பார்கள்? பகிர்வது தவறில்லை. ஆனால் யார் யாருக்கு என்று வீட்டார் தெரிந்து பகிர வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்ன பாஸ்வேர்டு இன்று எத்தனை போன்களில் உட்கார்ந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

மீனவர் வீட்டில் இணையம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரத்தையும், மீன் கூடும் வாய்ப்புள்ள கடற்பகுதிகளையும் கணித்து வெளியிடுகிறது. 1990-களின் கடைசியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியபோது, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த கணிப்பு அது. அன்று ஊருக்கு ஓர் ஒலிபெருக்கி வழியாக வந்த சேதி இன்று ஒவ்வொரு வீட்டுக் கூடத்துக்கும் வருகிறது. அதோடு வங்கிக் கணக்கும், பிள்ளைகளின் படிப்பும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணனின் வீடியோ அழைப்பும் அதே பெட்டி வழியாகத்தான் போகின்றன. அந்தப் பெட்டியைக் கவனிக்காமல் விடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை நம் நாடே ஒரு முறை பார்த்திருக்கிறது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நடந்தன. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. காவல்துறை அதன் தடத்தைப் பிடித்துப் போய் நின்ற இடம் நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீடு. அவருடைய வைஃபை பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்தது. வேறு யாரோ அதைப் பிடித்து அஞ்சல் அனுப்பியிருந்தார்கள். விசாரணையின் அலைச்சல் வீட்டுக்காரருக்கு வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டே, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்கும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. உங்கள் பெட்டி வழியாக யார் எதைச் செய்தாலும் வெளியுலகின் கண்ணுக்குத் தெரிவது உங்கள் இணைப்பின் முகவரிதான்.

பாஸ்வேர்டு உண்மையில் என்ன செய்கிறது? நீங்கள் தட்டும் எழுத்துகள் அப்படியே காற்றில் பறந்து ரவுட்டரைச் சேர்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும் டபிள்யூபிஏ2 முறையில், டேப்லெட் அந்தப் பாஸ்வேர்டையும் உங்கள் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4,096 தடவை கணிதமுறையில் கலக்கி, 256 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய எண்ணைத் தயாரிக்கிறது. அதே கணக்கின்படி ரவுட்டரிடமும் அதே எண் இருக்கிறது. பிறகு இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறி, ரகசியத்தை வெளியே சொல்லாமலேயே, தங்களிடம் இருப்பது ஒன்றுதான் என்று ஒன்றுக்கொன்று நிரூபித்துக்கொள்கின்றன. அதிலிருந்து அந்த இணைப்புக்கு மட்டுமான ஒரு சாவி பிறக்கிறது. அதன்பின் காற்றில் போவதெல்லாம் அந்தச் சாவியால் பூட்டப்பட்டுப் போகும்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததில்லை. 1997-ல் வைஃபைக்கான முதல் தரநிலையோடு வந்த டபிள்யூஇபி என்ற பூட்டை 2001-லேயே ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். 2003-ல் அவசரத்துக்கு ஒன்று, 2004-ல் உறுதியான டபிள்யூபிஏ2, 2018-ல் டபிள்யூபிஏ3 என்று பூட்டுகள் மாறின.

டபிள்யூபிஏ2-ல் ஒரு பலவீனம் இருக்கிறது. பாஸ்வேர்டு தேர்வு செய்யும் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நான்கு செய்திகளைத் தெருவில் நின்று ஒருவர் பதிவு செய்துவிட்டால் போதும். வீட்டுக்குப் போய், தன் கணினியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்த்துப் பொருத்தலாம். ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் முயன்று பார்க்கும். நம் ஊரில் மிகுதியாக வைக்கும் பாஸ்வேர்டு எது? வீட்டுக்காரரின் செல்போன் எண். பத்து இலக்கம், 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள். நொடிக்குப் பத்து லட்சம் என்றால் அத்தனையையும் முயன்று முடிக்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். பிள்ளையின் பெயரோடு பிறந்த வருடம், படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பதிவு எண் என்று வைத்தால் அவ்வளவு நேரம்கூட வேண்டாம்.

பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது என்பதற்கும் இணைய வேகத்துக்கும் சம்பந்தம் உண்டு. அதைப் பழவேற்காட்டுக்காரர்களுக்கு விளக்குவது எளிது, ஏனென்றால் அவர்களிடம் பாடு இருக்கிறது. ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களில் சுத்து வலை கட்டி இறால் பிடிக்க, யாருக்கு எந்த இடம், எந்த முறை என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வது அங்கே நெடுநாளைய வழக்கம். ஏரி ஒருவருடைய சொத்தல்ல. ஆனாலும் பாடு உரிமை உள்ளவர்கள் யார் என்ற கணக்கு ஊரிடம் இருக்கிறது. பட்டியலில் இல்லாதவர் சீட்டில் சேர முடியாது.

வைஃபையின் காற்றும் அப்படித்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமக் கட்டணம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005-ல் அறிவித்தது. அதனால் அது எல்லோருக்கும் பொது. பொதுவாக ஒரே நேரத்தில் ஒரு பெட்டியோடு ஒரு கருவிதான் பேச முடியும். இருவர் பேசினால் இரண்டும் சிதையும். எனவே ஒவ்வொரு கருவியும் முதலில் காதைத் தீட்டிக் கேட்கிறது. காற்று அமைதியானதும் மனம்போன போக்கில் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அதை ஒவ்வொன்றாகக் குறைத்து எண்ணுகிறது. யாருடைய எண் முதலில் பூஜ்ஜியத்தைத் தொடுகிறதோ அவருக்குப் பேச்சு. வழக்கமாகப் பூஜ்ஜியத்திலிருந்து 15-க்குள் ஓர் எண். இருவருக்கு ஒரே எண் விழுந்து மோதிவிட்டால் அடுத்த தடவை 31 வரை, பிறகு 63 வரை என்று வீச்சு கூடிக்கொண்டே 1,023 வரை போகும். ஒவ்வோர் எண்ணுக்கும் காத்திருக்கும் நேரம் நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் நொடிக்குப் பல நூறு தடவை இந்தச் சீட்டு நடக்கிறது. உரிமை இல்லாத பத்துப் போன்கள் சீட்டில் சேர்ந்தால் உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு முறை வருவது தள்ளிப்போகும். அந்தப் போன்களில் படமோ விளையாட்டோ ஓடினால் இன்னும் மோசம்.

பாடுப் பட்டியல் ஆளின் முகம் பார்த்து எழுதியது. ரவுட்டருக்கு முகம் தெரியாது. பாஸ்வேர்டு தெரிந்த எல்லாரும் அதற்கு ஊர்க்காரர்தான். ஒருவரை மட்டும் நீக்க நினைத்தாலும் உறுதியான வழி ஒன்றே: பாஸ்வேர்டை மாற்றி, வேண்டியவர்களுக்கு மட்டும் திரும்பச் சொல்வது.

அதற்கு டேப்லெட் நல்ல கருவி. திரை பெரிது, பெட்டிக்குள் இருக்கும் நிர்வாகப் பக்கத்தின் பொடி எழுத்துகளைச் சிரமமில்லாமல் படிக்கலாம். கொரோனா காலத்தில் வகுப்புக்காக வாங்கிய பழைய டேப் கிடந்தால் அதுவே போதும். முதலில் டேப் உங்கள் வீட்டு வைஃபையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சிம் போட்ட டேப் என்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். செட்டிங்ஸில் வைஃபைப் பெயரைத் தொட்டால் வரும் விவரங்களில் கேட்வே என்றோ ரவுட்டர் என்றோ ஓர் எண் இருக்கும். உங்கள் பெட்டியின் சரியான முகவரி அதுதான். அதைப் பிரவுசரில் தட்டினால், பாதுகாப்பற்ற பக்கம் என்று ஓர் எச்சரிக்கை வரலாம். பெட்டிக்குள் இருக்கும் பக்கத்துக்கு வெளியார் கொடுத்த சான்றிதழ் இல்லை என்பதால் வருவது அது. வீட்டுக்குள் இருந்து திறக்கும்போது தொடரலாம்.

பக்கம் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இது வைஃபை பாஸ்வேர்டு இல்லை. பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் தனியாக எழுதியிருக்கும். உள்ளே போனதும் வயர்லெஸ் அல்லது டபிள்யூலேன் என்ற பகுதியில், செக்யூரிட்டி என்பதன் கீழ் இப்போதைய பாஸ்வேர்டு நட்சத்திரப் புள்ளிகளாக நிற்கும். அதை அழித்துப் புதியதைத் தட்டிச் சேமியுங்கள். சேமித்த மறுகணம் டேப்பின் இணைப்பே அறுந்துவிடும். பயப்பட வேண்டாம், மாற்றம் நடந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். வைஃபைப் பட்டியலில் உங்கள் பெயரைத் தொட்டு, பழைய பதிவை மறக்கச் சொல்லிவிட்டுப் புதியதைக் கொடுங்கள். சில பெட்டிகள் 2.4, 5 என்று இரண்டு பெயர்களில் வைஃபை தரும். இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையவர்கள் மற்றொன்றில் இருப்பார்கள். டிவி, கேமரா, எல்லோருடைய போன் என்று எல்லாவற்றிலும் புதியதைப் போட வேண்டியிருக்கும் என்பதால், வகுப்பு நடக்கும் நேரத்தில் இதில் இறங்காதீர்கள்.

எட்டு எழுத்துக்குக் குறையாமலும் 63-க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது தரநிலை. தமிழ் எழுத்தை அது ஏற்பதில்லை. ஆனால் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதத் தடையில்லை. ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள்: புளி, ரயில், கண்ணாடி, செவ்வாய் மாதிரி. நினைவில் நிற்கும், ஊகிக்க முடியாது. அச்சில் வந்துவிட்டதால் இந்த நான்கையும் மட்டும் வைக்காதீர்கள்.

வெளியாருக்கு விருந்தினர் வலை என்று தனியாக ஒன்றை அதே பக்கத்தில் திறந்துவைக்க முடியும். மாதா கோயில் திருவிழாவுக்கு வந்து தங்கும் உறவுக்காரர்களுக்கு அதைக் கொடுத்து, அவர்கள் ஊருக்குப் போனதும் அணைத்துவிடலாம். க்யூஆர் கட்டத்தைக் காட்டி இணைப்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். அந்தக் கட்டத்துக்குள் பாஸ்வேர்டு வெளிப்படையாகவே இருக்கிறது, படம் எடுத்தவர் எவரும் படிக்கலாம். ஒரு பொத்தானை அமுக்கியோ எட்டு இலக்க எண் கொடுத்தோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைப்பது நல்லது. அந்த எட்டு இலக்க எண்ணைச் சுமார் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே அம்பலமானது.

எல்லாவற்றையும் செய்துவிட்டு நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்ற மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். கம்பெனி வைத்த 'அட்மின்' என்ற சொல்லே பல பெட்டிகளில் இன்றும் இருக்கிறது. வைஃபைக்குள் நுழைந்த எவரும் அந்தப் பக்கத்துக்கும் போகலாம். உங்களையே வெளியே தள்ளிப் பூட்டலாம். 2016-ல் மிராய் என்ற தீநிரல் இப்படிக் கம்பெனி வைத்த அறுபதுக்கும் மேற்பட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பதைக் கலிபோர்னியா 2020-லும் பிரிட்டன் 2024-லும் சட்டம் போட்டுத் தடுத்தன. இங்கே அப்படி ஒரு சட்டம் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வரும்வரை ஒவ்வொரு வீடும் தானே மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

புதிய நிர்வாகப் பாஸ்வேர்டு மறந்துபோனால் பெட்டியின் பின்னால் ஊசி நுழையும் துளை ஒன்று உண்டு. அதைப் பத்து நொடி அழுத்தினால் பெட்டி கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பும். ஆனால் ஃபைபர் இணைப்பு என்றால், இணையம் வருவதற்காகக் கேபிள்காரர் பதிந்த விவரங்களும் அதோடு அழிந்துபோகக் கூடும். அவர் வந்து திரும்பப் பதியும்வரை நெட் வராது. துளையில் ஊசியை வைப்பதற்கு முன் அவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.