மழைக்காலத்தில் மின்வேலி உறங்கக் கூடாது!
சோலார் வேலி பேட்டரிக்கு ஏற்ற சார்ஜரைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களின் மலையடிவாரத் தோட்டங்களில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த மக்காச்சோளம் கதிர் பிடித்துப் பால் ஏறும். வானம் நாள்கணக்கில் மூடிக்கொண்டு வெயில் முகம் காட்டாமல் இருக்கும். முதலாவது காட்டுப்பன்றிகளை அழைக்கிறது. இரண்டாவது, அவற்றைத் தடுக்க வேண்டிய சோலார் மின்வேலியை முடக்குகிறது.

சேத்தூர், தேவதானம் தொடங்கி அய்யனார் கோவில், மம்சாபுரம், செண்பகத்தோப்பு, வத்திராயிருப்பு வரை மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய நிலங்களில் தென்னை, மா, கரும்பு, நெல், மக்காச்சோளம் சாகுபடியாகின்றன. மலைக்காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் நாட்டின் 51-வது புலிகள் காப்பகமாக உருவானது. காடு பாதுகாக்கப்படுவது நல்லதே. ஆனால், காட்டின் ஓரத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவருக்குப் பன்றியும் மிளாவும் யானையும் ஒரே இரவில் ஒரு பருவத்து உழைப்பை முடித்துவிடும்.

வேலி போட்டும் இழப்பு ஏற்படும் தோட்டங்களில், கம்பியையும் எனர்ஜைசரையும் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியது பேட்டரியை. பேட்டரி இறங்கிவிட்டால் எட்டு வரிசை கம்பியும் துணி உலர்த்தும் கொடிதான். இந்த நெருக்கடியில்தான் சிலர் கம்பியில் நேரடியாக மின் இணைப்பைக் கொடுக்கும் விபரீதத்துக்குப் போகிறார்கள். அது சட்டப்படி குற்றம். வரப்பில் நடக்கும் சொந்த வீட்டாரையே பலிவாங்கக் கூடியது. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சரியான சார்ஜர் ஒன்று கைவசம் இருந்தால் அந்த எண்ணத்துக்கே இடமில்லை.

எந்த பேட்டரி?

மின்வேலிக்கு ஏற்றது 'டீப் சைக்கிள்' வகை பேட்டரி. கடைகளில் டியூபுலர் பேட்டரி என்று கேட்டால் கொடுப்பார்கள். இன்வெர்ட்டரிலும் மின்மோட்டார் பொருத்திய படகுகளிலும் பயன்படுவது இந்த வகைதான். இதன் தகடுகள் தடிமனானவை. கொஞ்சம் கொஞ்சமாக, நீண்ட நேரம் மின்சாரம் கொடுத்து, மறுபடி ஏற்றிக்கொள்ளும்.

டிராக்டர், கார் பேட்டரியின் வேலை வேறு. இன்ஜினைக் கிளப்பச் சில நொடிகளுக்கு மிக அதிக மின்னோட்டம் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். அதை இரவு முழுவதும் வேலிக்குப் போட்டு, முழுக்க இறங்கவிட்டு, மறுபடி ஏற்றினால் விரைவிலேயே தகடுகள் உதிர்ந்துவிடும். 'டிராக்டர் பேட்டரி சும்மாதானே கிடக்கிறது' என்று வேலியில் மாட்டினால், கடைசியில் டிராக்டரும் ஓடாது, வேலியும் ஓடாது.

பேட்டரி ஏன் இறங்குகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எனர்ஜைசர் அரை ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு 12 மணி நேரம் மட்டும் ஓடினால் 6 ஆம்பியர் மணி செலவாகும். இரவும் பகலும் ஓடினால் 12 ஆம்பியர் மணி. 40 வாட் சோலார் தகடு நல்ல வெயில் நாளில் சுமார் 10, 11 ஆம்பியர் மணி கொடுக்கும். இரவு மட்டும் ஓட்டுபவருக்கு இது தாராளம்.

வானம் மூடிய நாளில் அதே தகடு கால்பங்குகூடக் கொடுக்காமல் போகலாம். 3 ஆம்பியர் மணி வருகிறது என்றால், இரவு மட்டும் ஓட்டுபவருக்குத் தினமும் 3 குறையும். முழு நேரமும் ஓட்டுபவருக்கு 9 குறையும்.

60 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதியை, அதாவது 30-ஐத்தான் எடுக்கலாம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். இந்தக் கணக்கில் முதலாமவருக்குப் பத்து நாள் தாங்கும். இரண்டாமவருக்கு நான்காம் நாளே ஆபத்து. ஆகவே, பகலில் ஆள் நடமாட்டம் உள்ள தோட்டங்களில் எனர்ஜைசரை அணைத்து வைப்பதே முதல் சேமிப்பு.

இறங்கிய பேட்டரியை அப்படியே விட்டுவைப்பது இன்னொரு கேடு. தகடுகளில் படியும் ஈய சல்பேட் நாளாக நாளாகக் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எந்த சார்ஜர் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. பேட்டரி 'செத்துப்போச்சு' என்று சொல்லப்படுபவற்றில் பல இப்படிப் பட்டினி கிடந்து கெட்டவைதான்.

சார்ஜரில் பார்க்க வேண்டிய ஐந்து

1. ஆம்பியர் அளவு: பேட்டரியின் ஆம்பியர் மணியில் பத்தில் ஒரு பங்கு என்பது எளிய கணக்கு. 60-க்கு 6 ஆம்பியர், 100-க்கு 10 ஆம்பியர். இருசக்கர வாகனத்துக்கான 2 ஆம்பியர் சார்ஜரைப் போட்டால் பாதி இறங்கிய 60 ஆம்பியர் மணி பேட்டரி ஏற 18 மணி நேரத்துக்கு மேலாகும். அன்று இரவு வேலி இருக்காது. அவசரத்துக்காக 20 ஆம்பியரில் ஏற்றினால் பேட்டரி சூடேறி, நீர் வற்றி, தகடு கெடும்.

2. மூன்று கட்டமாக ஏற்றும் திறன்: முதல் கட்டத்தில் முழு மின்னோட்டம் போகும். இரண்டாம் கட்டத்தில் மின்னழுத்தம் ஒரே அளவில் நிற்க, மின்னோட்டம் தானாகக் குறையும். மூன்றாம் கட்டத்தில், நிறைந்த பேட்டரியை அப்படியே காத்து நிற்கும். பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜர்களில் பல, பேட்டரி நிறைந்த பிறகும் நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் பேட்டரி 'கொதிக்கிறது'. 'ஆட்டோமேட்டிக்' என்ற சொல்லை மட்டும் நம்பாமல், மூன்று கட்டம் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும்.

3. பேட்டரி வகைக்கேற்ற மின்னழுத்தம்: தண்ணீர் ஊற்றும் டியூபுலருக்கு ஏற்றும்போது 14.4 முதல் 14.8 வோல்ட் வரை வேண்டும். ஜெல் பேட்டரிக்கு 14.1 முதல் 14.4 வரை போதும். அதற்கு மேல் போனால் ஜெல்லுக்குள் குமிழ் உண்டாகிக் கெடும். மூடிய வகை பேட்டரிக்கு வெளியிலிருந்து நீர் ஊற்ற வழியில்லை என்பதால் அதிக மின்னழுத்தம் நிரந்தரச் சேதம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு அதற்கென்றே உள்ள சார்ஜர்தான் போட வேண்டும். பேட்டரி மேல் அச்சிட்டுள்ள அளவும் சார்ஜரின் அளவும் பொருந்த வேண்டும்.

4. வெப்பத்துக்கேற்ப மாறும் வசதி: மேலே சொன்ன அளவுகள் 25 டிகிரி வெப்பத்துக்கானவை. விருதுநகர் மாவட்டத்துக் கோடையில் 40 டிகிரி இருக்கும்போது 0.3 முதல் 0.4 வோல்ட் வரை குறைத்து ஏற்ற வேண்டும். இதைத் தானாகச் செய்யும் சார்ஜர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் நிழலில், காற்றோட்டமான இடத்தில், காலை வேளையில் சார்ஜ் போட வேண்டும்.

5. பாதுகாப்பு: கிளிப்பை மாற்றி மாட்டினாலும் கெடாத அமைப்பு, ஷார்ட் ஆனால் தானாக நிற்கும் வசதி, எர்த் உள்ள மூன்று முள் பிளக் ஆகியவை வேண்டும். கிராமத்து மின்சாரம் ஏறி இறங்கும். அதனால் குறைந்த மின்னழுத்தத்திலும் இயங்கும் சார்ஜராகப் பார்த்து வாங்க வேண்டும்.

வேலியோடு சேர்த்து சார்ஜ் போடக் கூடாது

எனர்ஜைசர் கொடுக்கும் அதிர்ச்சி ஆயிரக்கணக்கான வோல்ட் கொண்டது. ஆனால் ஏறத்தாழ வினாடிக்கு ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகவே வரும். அதனால்தான் விலங்கு அதிர்ந்து விலகுகிறதே தவிரச் சாவதில்லை.

பேட்டரி வேலியோடு இணைந்திருக்கும்போதே அதில் வீட்டு மின்சார சார்ஜரை மாட்டுவது பெரும் தவறு. மலிவான சார்ஜரின் உள்காப்பு பழுதானால் 230 வோல்ட் பேட்டரி வழியாக எனர்ஜைசருக்கும், அங்கிருந்து கம்பிக்கும் போக வழியுண்டு. அது விட்டுவிட்டு வரும் அதிர்ச்சி அல்ல; பிடித்தால் விடாத மின்சாரம். ஆகவே, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துதான் சார்ஜ் போட வேண்டும். சோலார் கன்ட்ரோலரின் தகடு முனையிலும் இந்த சார்ஜரை இணைக்கக் கூடாது.

60 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி 20 கிலோவுக்கு மேல் இருக்கும். வண்டியில் சரியாமல் நிமிர்த்திக் கட்டி எடுத்துவர வேண்டும். காலை 8 மணிக்கு 6 ஆம்பியர் சார்ஜரில் போட்டால், பாதி இறங்கிய பேட்டரி மாலை 4, 5 மணிக்குள் பெரும்பாலும் நிறைந்துவிடும். பொழுது சாய்வதற்குள் வேலியில் மாட்டிவிடலாம். மின்செலவு ஒரு யூனிட்டுக்குள்தான். பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு நல்ல சார்ஜரும் ஒரு மாற்று பேட்டரியும் வாங்கி வைத்துக்கொண்டால் செலவும் குறையும், ஓர் இரவும் வேலி நிற்காது.

சார்ஜ் போடும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பூட்டிய அறை, அடுப்பங்கரை, பீடி, சிகரெட் எதுவும் அருகில் கூடாது. முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு கிளிப்பை மாட்டி, கடைசியில் சுவிட்சைப் போட வேண்டும். கழற்றும்போது முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். குழந்தைகள் நெருங்காத இடமாக இருக்கட்டும். அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிய கையோடு மருத்துவரிடம் போக வேண்டும்.

விவசாயிகள் வழக்கமாகக் கேட்பவை

கேள்வி: பேட்டரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
பதில்: சாதாரண மல்டிமீட்டர் போதும். சார்ஜும் செலவும் நிறுத்தி இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நிறைவு. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. அன்றே சார்ஜ் போட வேண்டும். 11.8-க்குக் கீழே என்றால் முழுக்க இறங்கியது. டியூபுலராக இருந்தால் ஹைட்ரோமீட்டரிலும் பார்க்கலாம். நிறைந்த நிலையில் 1.240 அளவு காட்டும். ஆறு அறைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைவாக இருந்தால் அந்த அறை பழுது.

கேள்வி: போர் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றலாமா?
பதில்: கூடாது. காய்ச்சினாலும் அதிலுள்ள உப்புகள் போகாது. வாலை வடித்த நீர் (டிஸ்டில்டு வாட்டர்) மட்டுமே ஊற்ற வேண்டும். தகடு தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் தகடு மூழ்கும் வரை ஊற்றிவிட்டு சார்ஜ் போட்டு, ஏறிய பிறகு குறியீடு வரை நிரப்ப வேண்டும். முன்பே நிரப்பினால் பொங்கி வழியும். அமிலம் ஊற்றக் கூடாது.

கேள்வி: பேட்டரி நிறைந்தும் வேலியில் அதிர்ச்சி குறைவாக இருக்கிறதே?
பதில்: மழைக்குப் பின் வளரும் புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டால் அதிர்ச்சி தரைக்குக் கசிந்துவிடும். வேலியடியைச் செதுக்கி வைக்க வேண்டும். எர்த் கம்பியின் இணைப்பில் துரு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி: வேலி அமைக்க அனுமதி வேண்டுமா?
பதில்: தமிழ்நாடு அரசின் 2023-ம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி, காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் புதிய மின்வேலி அமைக்க வனத்துறையின் முன் அனுமதி தேவை. ஏற்கெனவே அமைத்ததையும் பதிவு செய்ய வேண்டும். எனர்ஜைசர் இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். மானிய விவரத்தை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.

கேள்வி: ஆயுள் முடிந்த பேட்டரியை என்ன செய்வது?
பதில்: தோட்டத்தில் உடைத்து ஈயத்தை எடுப்பதோ, அமிலத்தைக் கிணற்றடியில் கொட்டுவதோ கூடவே கூடாது. ஈயம் மண்ணிலும் குடிநீரிலும் கலந்து குழந்தைகளைப் பாதிக்கும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம்.

புரட்டாசி முடிவதற்குள் ஒருமுறை பேட்டரியைக் கழற்றி முழுக்க சார்ஜ் போட்டு, நீர் பார்த்து, முனைகளைத் துடைத்து, சிறிது வாசலின் தடவி மாட்டிவிட வேண்டும். அதன்பின் மழைக்காலம் முடியும் வரை வாரம் ஒருமுறை மீட்டரில் வோல்ட்டைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வந்தால் போதும். 12.2 தெரிந்த அன்றே சார்ஜர் வெளியே வர வேண்டும். பன்றி வந்துபோன மறுநாள் காலையில் அல்ல.