கருநிலை மரபணுச் சோதனையும் சபைக்குருவின் பொறுப்பும்

கருவுற்ற தாயின் குருதியில், நஞ்சுக்கொடியினின்று வரும் மரபணுத் துகள்களும் கலந்து ஓடுகின்றன. ஏறத்தாழ 10ஆம் வாரம் முதல் அவற்றை ஆராய்ந்து சிசுவின் மரபணுக் குறைகளை ஐயுறவும், பாலினத்தை அறியவும் இயலும். 2011 முதல் வாணிப முறையில் பரவிய இச்சோதனைக்குக் குருதியைக் குழலில் அடைத்து அனுப்பினாலே போதும். ஆதலின், உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர்ப் பெண்ணும் ஆய்வுக்கூடத்தைக் காணாமலே அதன் தீர்ப்பைப் பெறக்கூடும்.

மேல்நாடுகள் சிலவற்றில் பாலினம் அறியும் சோதனைப் பெட்டிகள் வீட்டிற்கே விற்கப்படுகின்றன. நம் நாட்டில் அது குற்றம். 1994இல் இயற்றப்பெற்று 2003இல் விரிவாக்கப்பட்ட சட்டத்தின்படி, பதிவுபெற்ற நிலையங்களே கருநிலைச் சோதனைகளை நடத்தலாம். வாங்குவோரின் விருப்பம் போதாது. தாயின் வயது, குடும்ப நோய் முதலிய காரணம் எழுத்தில் பதியப்பட வேண்டும். தாய்க்குப் புரியும் மொழியில் விளக்கி, அவளது எழுத்து ஒப்புதலையும் பெறவேண்டும். கணவரோ உறவினரோ வேறு நோக்கத்திற்காகச் சோதனையைத் தூண்டுதலும் தடைசெய்யப்பட்டுள்ளது. மாமியார்கள் இதை அறிவது நலம். சாபு மாத்யூ ஜார்ஜ் 2008இல் தொடுத்த வழக்கில், இணையத் தேடுதளங்களில் வரும் பாலினத் தேர்வு விளம்பரங்களைத் தடுக்க உச்ச நீதிமன்றம் ஆணைகள் பிறப்பித்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு வயதுவரை 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே இருந்தனர்.

பாலினத்தைக் காக்கும் அளவு, குறையைப் பற்றிய அறிக்கையை விளக்குவதில் சட்டத்தின் கை நீளவில்லை என்பது நமது கருத்து. 10,000 கர்ப்பிணிகளில் ஒருவரின் சிசுவுக்கே வரும் அரிய குறை ஒன்றை எண்ணுக. சோதனை 1,000இல் ஒரு முறையே தவறுகிறது என்று கொண்டாலும், ஏறக்குறைய 11 பேருக்கு அபாய அறிக்கை வரும். அவர்களுள் 10 பேரின் சிசுக்கள் நலமானவை. ஆயினும் விளம்பரம் 99.9 விழுக்காடு துல்லியம் என்றே கூறும். 2022இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் இத்தகைய தவறான முடிவுகளைக் குறித்து எச்சரித்தது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் வாரியத்திற்குத் தகுதியற்றோர் என உத்திரமேரூர்க் கல்வெட்டு விதித்தது. சோதனை விற்போரிடம் நாம் கேட்கவேண்டியதும் இந்தக் கணக்கையே.

அறிக்கையோடு தம்மிடம் வரும் பெற்றோரிடம், இது ஐயமேயன்றி உறுதியன்று என்பதை ஆயர் முதலில் சொல்லவேண்டும். உறுதி செய்யும் பனிக்குட நீர்ச் சோதனை 15ஆம் வாரத்திற்குப் பின்னரே இயலும். யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீடர் எழுப்பிய, யார் செய்த பாவம் என்ற கேள்வியைச் சபையார் அத்தாயின் காதில் போடுவது இவ்விடைப்பட்ட வாரங்களில்தான். வீடு சந்திப்பு அப்பொழுதே தேவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் யாரை அணுகுவது என்பதையும் ஆயர் முன்னரே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.