மழையும் மனையும் – 12: வாசற் கல்லுக்கு வேண்டிய காப்பு

வடபழனியில் ஆற்காடு சாலைக்கும் நூறடி சாலைக்கும் இடைப்பட்ட தெருக்களில் நடந்து செல்பவர் எவரும், முன்னொரு காலத்தில் மண் தரையும் துளசி மாடமும் கிணற்றடியுமாக இருந்த வீட்டு முன்புறங்களில் இன்று சிவப்பும் சாம்பலுமாக பேவர் பிளாக் கற்கள் பரவிக் கிடப்பதைக் காணத் தவறமாட்டார். தனி வீடுகள் மறைந்து அடுக்ககங்கள் எழுந்தபின், வண்டி நிறுத்தவும் மழைச் சேற்றுக்குத் தப்பவும் இந்தக் கல்லே அனுகூலமாக அமைந்துவிட்டது. ஆனால் பதித்த இரண்டொரு வருஷங்களுக்குள் நிறம் மங்கி, வெண்மை பூத்து, மூலைகளில் பாசி படரும்போது, “மேலே ஒரு கோட்டிங் அடித்துவிட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும், சார்” என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு டப்பாவை வாங்கிவிடுகிறோம். அந்த டப்பாவில் இருப்பது என்ன, அது நம் ஊருக்கு ஏற்றதுதானா என்பதே இந்த வாரத்து விஷயம்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: கான்கிரீட் கல்லுக்கு மேற்பூச்சு அவசியந்தானா? இதைப் பற்றிய உபதேசங்களில் பெரும்பாலானவை பனி பெய்யும் தேசங்களிலிருந்து வந்தவை. அங்கே கல்லின் நுண்துளைகளில் புகுந்த நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து கல்லை உள்ளிருந்தே பிளக்கிறது. பனியை உருக்கத் தெருவில் தூவும் உப்பு அந்தச் சேதத்தை அதிகப்படுத்துகிறது. ஆகவே நீரைத் தடுப்பது அவர்களுக்குக் கல்லின் ஆயுளைக் காக்கும் காரியம். சென்னைக்கு அந்தப் பயம் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 15658 என்ற நியமத்தின்படி, 2006 முதலே, இந்தக் கல் தன் எடையில் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சலாகாது. அந்த லக்ஷணம் பொருந்திய கல் பூச்சு எதுவும் இல்லாமலே பல வருஷம் உழைக்கும். உப்புப் பூப்பதைக் குறைப்பது, ஐப்பசி கார்த்திகையில் பாசி பிடிப்பதைத் தணிப்பது, கறை ஆழ இறங்காமல் காப்பது ஆகிய இவையே நம் ஊரில் பூச்சினால் ஆகும் பிரயோஜனம்.

இவற்றுள் உப்புப் பூத்தலைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பூச்சைப் பற்றிய தவறுகள் பலவும் இதை அறியாததால் விளைகின்றன. சிமெண்டு நீரோடு கூடி இறுகும்போது சுண்ணாம்புச் சத்து ஒன்று கல்லுக்குள் உண்டாகித் தங்குகிறது. உள்ளே புகுந்த நீர் வெயிலில் மேற்பரப்புக்கு ஏறி ஆவியாகும்போது அந்தச் சத்தையும் கரைத்துக் கொண்டுவர, அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து, தண்ணீரில் எளிதில் கரையாத வெண்படலமாகப் படிகிறது. வாசல் தெளிப்பது உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்தால், அந்த உப்பும் இதன்மேல் சேரும். கல்லுக்குச் செம்மையும் மஞ்சளும் கருமையும் தருகிற இரும்பு ஆக்சைடோ வெயிலுக்கு எளிதில் வெளுக்கும் பொருளன்று. ஆதலால் சாயம் போய்விட்டது என்று வருந்துகிறவர்களின் வாசலில் பல வேளைகளில் சாயம் அப்படியே இருக்கிறது, அதை வெண்திரை மறைத்திருக்கிறது. இதை அறியாமல் கடையில் விற்கும் ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பவர்கள் வெண்மையோடு சிமெண்டையும் அரித்து, மணலும் ஜல்லியும் வெளியே தெரியும்படி கல்லையே கெடுத்துக்கொள்கிறார்கள்.

சந்தையில் கிடைக்கும் பூச்சுகளை இரண்டு ஜாதிகளாகப் பிரிக்கலாம். கல்லின்மேல் ஒரு தோலைப் போல் படர்ந்து நிற்பவை ஒருவகை. அக்ரிலிக், பாலியூரித்தேன், எபாக்ஸி முதலியன இதைச் சேர்ந்தவை. கல்லுக்குள் இறங்கி மறைந்துவிடுபவை மற்றொரு வகை; சிலேன், சிலாக்ஸேன் என்ற சிலிக்கான் சேர்மங்கள் இதில் அடங்கும். முதல் வகை பூசிய அன்றே பளபளக்கும், நனைந்த கல்லின் நிறத்தைத் தரும், எண்ணெய்க் கறையையும் தடுக்கும். ஆகையால் விற்பனைக்கு அதுவே தோதானது. இரண்டாவது வகையைப் பூசினால் பூசாததற்கும் பூசியதற்கும் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. அதன் நுண்ணிய மூலக்கூறுகள் துளைகளின் சுவர்களைப் பற்றிக்கொண்டு, துளையை அடைக்காமலே, நீர் ஒட்டாத குணத்தை மட்டும் அவற்றுக்கு அளிக்கின்றன. மழைத்துளி உள்ளே ஊறாது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறும்.

நம் ஊருக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகையே என்பது என் திடமான அபிப்பிராயம். ஆண்டில் ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெற்று, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சில வாரங்களிலேயே வாங்கிக்கொள்ளும் சென்னையில், கல்லுக்கு அடியிலுள்ள மணற்படுக்கை மாதக்கணக்கில் ஈரமாக இருக்கிறது. அந்த ஈரம் கல்லின் வழியே மேலே வரும்போது தோல்போன்ற பூச்சு அதை மறிக்க, பூச்சுக்கு அடியில் பால்போல் வெளுப்புத் தோன்றிப் பின் செதில் செதிலாக உரிகிறது. உரிந்ததை முழுவதும் சுரண்டி எடுக்காமல் மறுபூச்சு நிற்பதில்லை. தைப்பூசத்திலும் ஆடிக் கிருத்திகையிலும் முருகன் சந்நிதிக்குப் பால்குடம் எடுத்து வெறுங்காலோடு ஜனங்கள் வந்துபோகும் பேட்டையில், நனைந்தால் வழுக்கும் பளபளப்பை வாசலில் வைப்பதும் உசிதமன்று. ரப்பர் அச்சில் வார்த்த மினுமினுப்பான கற்கள் சில, பட்டறையிலேயே லாக்கர் அடித்து வருகின்றன; அந்த லாக்கர் தேய்ந்து போகும்வரை உள்ளிறங்கும் பூச்சு கல்லைத் தொடவே தொடாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சென்னையின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்ற மாடித் தளம் போட்டவர்கள், சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த தளத்தின்மேல் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கினார்கள். நீரைத் தாங்கும் சக்தியைத் தளத்தின் உடம்புக்குள்ளேயே ஏற்ற வேண்டும் என்ற அந்த ஞானம் இன்றும் செல்லும்.

கற்களுக்கு இடையே உள்ள இரண்டு மூன்று மி.மீ. இடுக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைநீர் சேகரிப்பை ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டாயமாக்கி 2003-இல் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன் நோக்கத்துக்கு, மணல் நிரம்பிய இந்த இடுக்கும் தன்னால் இயன்ற அளவில் உதவுகிறது. விழும் மழையில் ஒரு பங்கு அதன் வழியாகவே மண்ணைச் சேர்கிறது. அக்ரிலிக்கைத் தாராளமாக ஊற்றி உருளையால் தேய்க்கும்போது அது மணலையும் பிணைத்து இந்த வழியை அடைத்துவிடுகிறது. கீழே நிலத்தடி நீருக்குக் குழி வெட்டிவிட்டு மேலே அதன் வாயை மூடும் அக்காரியத்தை எந்த வீட்டுக்காரரும் செய்யலாகாது.

உள்ளிறங்கும் பூச்சுக்கும் குறைகள் உண்டு. எண்ணெயை அது தடுக்காது. ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் என்ஜின் ஆயில் சொட்டினால், உடனே செங்கல் தூளைத் தூவி உறிஞ்சி எடுப்பதே வழி. அன்றியும் நீர் ஒட்டாத கல்லில் வாசல் தெளித்தால் நீர் முத்து முத்தாக உருண்டோடும்; அரிசி மாவைக் கரைத்து இழைக்கும் கோலம் அங்கே சீராகப் படியாது. ஆதலால் நிலைப்படிக்கு எதிரே கோலமிடும் அளவு இடத்தைப் பூசாமல் விட்டுவிடுவதே உத்தமம். அங்கே கார்த்திகை விளக்கின் எண்ணெயும் ஆயுத பூஜைப் பூசணிக்காயின் குங்குமமும் கறைபடுத்தினால், அந்த ஒரு சில கற்களை மட்டும் பெயர்த்து வேறு வைக்கலாம். இந்தக் கல்லுக்குரிய பெரிய சௌகரியம் அதுதான்.

பூசுவதற்கு முன் செய்யவேண்டிய பரீட்சைகள் சுலபமானவை. சில துளி நீரைக் கல்லில் விட்டால், அது உடனே ஊறிக் கல் கறுக்க வேண்டும். ஊறாவிட்டால் பழைய பூச்சு இன்னும் இருக்கிறதென்று பொருள். பிறகு முழ அகலமுள்ள பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி 16 மணி நேரம் வைத்து எடுக்கும்போது, அடியில் வியர்வை கண்டிருந்தால் இன்னும் காயவிட வேண்டும். புதிதாகப் பதித்த கல்லானால் இரண்டு மூன்று மாதம் பொறுத்து, முதல் உப்புப் பூத்து ஓய்ந்த பின், உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிக் காயவைத்துப் பூசுவது நல்லது. வடகிழக்குப் பருவமழையும் மார்கழிப் பனியும் கழிந்த மாசி பங்குனி மாதங்கள் இதற்குத் தகுந்த காலம்; அக்னி நட்சத்திரத்து வெயிலில் கல் கொதிக்கும்போது, பூச்சு உள்ளே இறங்குமுன் ஆவியாகிவிடும். கடையில் டப்பாவின் பெயரைக் கேட்பதைவிட, அதில் சிலேன் அல்லது சிலாக்ஸேன் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். விடை தெரியாத கடையில், கம்பெனியின் விவரத் தாளை வாங்கிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். பெரிய வாசலானால் ஓரத்தில் ஒரு சதுர அடியில் முதலில் பூசி, ஒரு வாரம் கழித்து நீர் ஊற்றிப் பார்த்து, அதன்பின் மற்றவற்றுக்குப் போகலாம்.

மணற்படுக்கை அமுங்கிக் கல் பள்ளமாவதை அடுத்த வாரம் ஆராய்வோம்.