பனித்தடம் – 9: மரத்தூளுக்கு அடியில் ஒரு குளிர்காலம்

கிராஸ்கன்ட்ரி ஸ்கீ வீரருக்குப் புத்தாண்டு மே முதல் தேதி. மார்ச் கடைசியில் உலகக் கோப்பைப் போட்டிகள் முடிகின்றன. ஏப்ரலில் ஓய்வு, குடும்பம், ஸ்பான்சர் விளம்பரங்கள். மே பிறந்ததும் பயிற்சிக் குறிப்பேட்டில் புதுக்கணக்கு. அங்கிருந்து நவம்பர் கடைசி வரை ஏறக்குறைய ஏழு மாதம், பெரிய பந்தயம் ஏதும் இல்லாத உழைப்பு. இந்த வாரம் அதன் பின்பாதி, அதாவது இலையுதிர் காலம். தடத்துக்குள் நேராகப் போகும் கிளாசிக், வெளியே சாய்த்துத் தள்ளிப் போகும் ஸ்கேட் என்ற இரண்டு நடைகளும் முன்பே விரிவாக வந்துவிட்டன. தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும்.

முதலில் மணிக்கணக்கு. இந்த விளையாட்டில் பயிற்சியைக் கிலோமீட்டரில் அளப்பதைவிட மணியில் அளப்பதே வழக்கம். முன்னணி வீரர்கள் ஆண்டுக்கு 700 முதல் 900 மணி நேரம் உழைக்கிறார்கள். ஒலிம்பிக்கில் 15 பதக்கம் வென்ற நார்வேயின் மரித் பியோர்கன் தம் பயிற்சிக் குறிப்பேடுகளை ஆய்வாளர்களிடம் ஒப்படைத்தார். உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அவர் கணக்கு 900 மணியைத் தாண்டியது. அதில் பத்தில் ஒன்பது பங்கு, பக்கத்தில் வருபவருடன் பேசிக்கொண்டே போகக்கூடிய மெதுவான வேகம். காரணம் எளிது. மெதுவான உழைப்பு இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவைக் கூட்டும், தசையில் நுண்குழாய்களை வளர்க்கும், கொழுப்பை எரிக்கப் பழக்கும்; மறுநாளும் அதையே செய்ய உடம்பு இடம் கொடுக்கும். மூச்சு வாங்க வைக்கும் வேகம் அப்படி அல்ல. ஒரு நாள் செய்தால் ஒன்றிரண்டு நாள் அடக்கி வாசிக்க வேண்டும். மெரினாவில் ஞாயிறு காலை ஓடுகிறவர்களில் பாதிப் பேர் இரண்டும் இல்லாத நடுவேகத்தில் முகம் சிவக்க ஓடுவதைப் பார்த்தால் நார்வேப் பயிற்சியாளர் ஒருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்.

செப்டம்பர் வந்ததும் பங்கீடு மாறுகிறது. மொத்த மணி நேரம் சற்றுக் குறையும். கடுமையான அமர்வுகள் கூடும், அவையும் பந்தய வேகத்தை நெருங்கும். கோடையில் சைக்கிளும் ஓட்டமும் எடுத்துக்கொண்ட நேரத்தை இப்போது ரோலர் ஸ்கீ எடுத்துக்கொள்ளும்.

ரோலர் ஸ்கீ என்பது முக்கால் மீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள ஒரு சட்டம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம். ஸ்கேட் நடைக்கானது குட்டை, சக்கரம் மெல்லியது, விட்டம் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர். கிளாசிக் நடைக்கானது நீளம் கூடியது, சக்கரம் அகலம். அந்த அகலச் சக்கரங்களில் ஒன்றில் பின்னோக்கிச் சுழலாதபடி ஒரு பூட்டு இருக்கும். பனியில் மெழுகின் பிடிப்பு செய்யும் வேலையைத் தார்ச்சாலையில் இந்தப் பூட்டு செய்கிறது. இதில் ஒரு தொல்லையும் உண்டு. பனியில் காலை உதைக்கும் நேரம் தவறினால் ஸ்கீ பின்னால் வழுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். பூட்டிய சக்கரம் எல்லாத் தவறையும் மன்னிக்கும். ஆறு மாதம் அதிலேயே பழகியவர் முதல் பனியில் இறங்கும்போது தவறெல்லாம் ஒன்றாக வெளியே வரும். அதனால்தான் இலையுதிர் காலத்தில் எப்படியாவது கொஞ்சம் உண்மையான பனி வேண்டும் என்று அணிகள் அலைகின்றன.

சக்கரத்தின் ரப்பரிலும் வேகமானது, மெதுவானது என்று வகை உண்டு. பனியின் உராய்வுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே மெதுவான சக்கரம் மாட்டுவார்கள். பெரும்பாலான ரோலர் ஸ்கீகளில் பிரேக் கிடையாது. இறக்கத்தில் வேகம் எடுத்துவிட்டால் கால்களை அகட்டி உள்ளே சாய்ப்பது, ஓரத்துப் புல்லில் இறங்குவது, இல்லையென்றால் விழுவது. ஊன்றுகோலின் நுனியில் கார்பைடு உலோக முனை. தாரில் குத்திக் குத்தி மழுங்கும், அடிக்கடி தீட்ட வேண்டும். சென்னை டி.டி.கே. சாலையில் காலை எட்டரை மணிக்கு இதை மாட்டிக்கொண்டு இறங்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்கேட் நடையின் அடிப்படை அசைவு சென்னைக்கு அந்நியமும் அல்ல. 2025-இல் சீனாவில் நடந்த ஸ்பீடு ஸ்கேட்டிங் உலக சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்ற ஆனந்த்குமார் வேல்குமார் சென்னைக்காரர். காலைப் பக்கவாட்டில் தள்ளி, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு முழுவதுமாக மாற்றும் வித்தை இரண்டிலும் உண்டு. கையில் கோல் இல்லை என்பது பெரிய வித்தியாசம்தான்.

ரோலர் ஸ்கீக்கு அடுத்தது கோலுடன் மலையேற்றம். செங்குத்தான சரிவில் இரண்டு கோல்களை ஊன்றித் துள்ளித் துள்ளி ஏறுவது. கிளாசிக் நடையின் ஏற்ற அசைவு அப்படியே கிடைக்கும். நான்கு நிமிட ஏற்றம், இறங்கி வரும்போது ஓய்வு, மறுபடி ஏற்றம். வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. இப்போதெல்லாம் பந்தயங்களில் கால் அசையாமல் இரண்டு கோலாலும் ஒருசேரத் தள்ளிப் போகும் நடை பெருகிவிட்டதால் வயிறு, முதுகு, தோள் ஆகியவற்றுக்கு வேலை அதிகம்.

அக்டோபரில் உயரமான இடங்களுக்குப் பயணம். இத்தாலியின் லிவிக்னோ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பிய அணிகள் பல அங்கே போகும். 2025 ட்ரொண்ட்ஹெய்ம் உலக சாம்பியன்ஷிப்பில் ஆறு போட்டியில் ஆறு தங்கம் வென்ற யோஹான்னஸ் கிளேபோ சில ஆண்டுகளாக அமெரிக்காவின் பார்க் சிட்டிக்குப் போய் இலையுதிர் காலத்தைக் கழிக்கிறார். உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவதால் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் சுரப்பைக் கூட்டும். சில வாரங்களில் சிவப்பணுக்கள் பெருகும். அதே பொருளை ஊசியில் ஏற்றிப் பிடிபட்டவர்களின் பட்டியல் இந்த விளையாட்டில் நீளமானது. அதற்குத் தனி வாரம் வேண்டும்.

இனி பனி. அக்டோபரில் பனி கிடைக்க மூன்று வழி. ஒன்று, ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகள். அவை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவருகின்றன. இரண்டு, சுரங்கம். பின்லாந்தின் வுவோகாட்டியில் 1997-இல் 1.2 கிலோமீட்டர் நீளத்துக்குக் குளிரூட்டிய ஸ்கீ சுரங்கம் திறந்தார்கள். பிறகு ஸ்வீடனின் டோர்ஸ்பியிலும் ஜெர்மனியின் ஓபர்ஹோஃபிலும் அதுபோல வந்தன. உள்ளே எப்போதும் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே. ஆடி மாதத்திலும் பயிற்சி எடுக்கலாம். ஆனால் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் சுற்றுவதை விரும்புகிற வீரர் அரிது.

மூன்றாவது வழிக்கு இயந்திரம்கூட அதிகம் வேண்டாம். போன குளிர்காலத்துப் பனியைப் பத்திரமாக எடுத்து வைப்பது. ஸ்விட்சர்லாந்தின் டாவோஸில் 2008 முதல் இது நடக்கிறது. கடுங்குளிர் நாட்களில் பனித்துப்பாக்கிகளால் ஏறக்குறைய 20,000 கனமீட்டர் பனியை ஒரு குன்றாகக் குவிப்பார்கள். வசந்தத்தில் அதன்மேல் 40 சென்டிமீட்டர் கனத்துக்கு மரத்தூள். கோடை முழுவதும் வெயிலிலும் மழையிலும் அது அப்படியே கிடக்கும். அக்டோபர் கடைசியில் தூளை வழித்தெடுத்தால் பெரும்பங்கு பனி உள்ளே இருக்கும். லாரிகளில் அள்ளிப் பரப்பினால் 4 கிலோமீட்டர் தடம் தயார். வுவோகாட்டியிலும் இதே முறைதான். அங்கே அக்டோபரின் முதல் பாதியிலேயே தடம் திறந்துவிடும். சுற்றிலும் புல் பச்சையாக இருக்க, நடுவில் வெள்ளை நாடா ஒன்று ஓடும்.

மரத்தூள் எப்படிக் காக்கிறது? தூளுக்கிடையே அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. மேல்பரப்பில் சிறிது பனி உருகினால் அந்த ஈரத்தைத் தூள் உறிஞ்சி மேலே அனுப்பும். அங்கே அது ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நெகிழித் தாளால் இந்த இரண்டாவது வேலையைச் செய்ய முடியாது. நன்னாரி சர்பத் வண்டிக்காரர் ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து மேலே சாக்கு போட்ட காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை.

புதிதாக இல்லை என்பதற்குச் சாட்சி ஆழ்வார்பேட்டையிலிருந்து ராயப்பேட்டை வழியாகக் கடற்கரைக்குப் போனால் சில கிலோமீட்டரில் நிற்கிறது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்ற வட்டக் கட்டடம் 1840-களின் தொடக்கத்தில் ஐஸ் கிடங்காகக் கட்டப்பட்டது. கட்டியவர் பாஸ்டன் வியாபாரி பிரடெரிக் டியூடர். நியூ இங்கிலாந்தின் ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்ததும் குதிரை இழுக்கும் கலப்பை போன்ற கருவியால் சதுரம் சதுரமாக அறுத்து, கப்பலில் அடுக்கி, வெப்ப நாடுகளுக்கு விற்றவர். 1806-இல் முதல் சரக்கு மார்ட்டினிக் தீவுக்குப் போனது; நஷ்டம். ஆரம்பத்தில் வைக்கோல்தான் காப்பு. பிறகு மரத்தூளுக்கு மாறினார்கள். மெய்ன் மாநில மர அறுவை ஆலைகள் குப்பையாக ஆற்றில் தள்ளிக்கொண்டிருந்த தூள் அதற்குப் பிறகு விலைக்குப் போனது. 1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் ஐஸுடன் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதம், பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்த பயணம். இறங்கியபோது ஏறக்குறைய 100 டன் மிச்சம். டாவோஸ் குன்று ஒரு கோடையைத் தாங்குவதைப் பார்த்து வியக்கும் பொறியாளர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கலாம்.

மதராஸ் கிடங்கும் அந்த வியாபாரத்தின் ஒரு கண்ணிதான். அமெரிக்க எழுத்தாளர் தோரோ தம் ‘வால்டன்’ நூலில், குளத்து ஐஸை அறுத்துச் செல்கிறவர்களைப் பற்றி எழுதும்போது மதராஸைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். இங்கே அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமார்கள். 1870-களில் இயந்திர ஐஸ் வந்ததும் ஏரி ஐஸ் மடிந்தது. கட்டடம் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரிடம் போய், 1897 பிப்ரவரியில் விவேகானந்தரைத் தங்க வைத்து, பிறகு சகோதரி சுப்புலட்சுமியின் முயற்சியில் இளம் விதவைகளின் விடுதியாகி, 1963-இல் இன்றைய பெயரைப் பெற்றது. பகுதிக்கு மட்டும் ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஸ்கீ பற்றிய தொடரில் இதற்கு இவ்வளவு இடமா என்று கேட்பவர்களுக்கு: அக்டோபர் பனியின் தொழில்நுட்பம் திருவல்லிக்கேணி ஓரத்தில் வேலை செய்திருக்கிறது, அதைத் தாண்டிப் போவது கடினம்.

இந்திய வீரர்களுக்கு இந்த மூன்று வழிகளும் தூரம். குல்மார்க்கில் பனி நன்றாக விழ டிசம்பராகும். 1948-இல் தொடங்கிய ராணுவத்தின் உயர்மலைப் போர்ப்பள்ளி அங்கேதான் இருக்கிறது. நாட்டின் கிராஸ்கன்ட்ரி ஸ்கீ பெரிதும் ராணுவத்தையும் எல்லைக் காவல் படைகளையும் நம்பியே வளர்ந்தது. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டர் ஸ்கேட் பந்தயத்தை ஜெகதீஷ் சிங் 43 நிமிடத்தில் முடித்து 103-வது இடம் பெற்றார். தங்கம் வென்ற ஸ்விட்சர்லாந்தின் டாரியோ கொலோனாவுக்கு 33 நிமிடம் 43.9 விநாடி. கிலோமீட்டருக்கு 37 விநாடி வித்தியாசம். மூச்சையும் மன உறுதியையும் மட்டும் வைத்து இதை விளக்குவது சரியல்ல. ஒருவர் நவம்பருக்குள் பல வாரம் பனியில் இருந்துவிட்டார். மற்றவருக்கு அப்போது சாலை மட்டும். 2026 மிலான்–கோர்ட்டினா ஒலிம்பிக்குக்குப் போன இரண்டு இந்தியர்களில் ஒருவரான லடாக்கின் ஸ்டான்சின் லுண்டப்பும் இதே விளையாட்டுக்காரர்.

இன்னொரு வழியைக் கண்டவர் பவானி தெக்கடா நஞ்சுண்டா. கர்நாடகத்தின் குடகில் பிறந்தவர். பனியே விழாத ஊர். மலையேற்றம் வழியாக ஸ்கீக்கு வந்தவர். நமக்கு ஆடி, ஆவணி என்றால் தென் அரைக்கோளத்தில் குளிர்காலம். 2025-இல் சிலி நாட்டில் நடந்த 5 கிலோமீட்டர் பந்தயத்தில் அவர் வெண்கலம் வென்றார். வடக்கே மற்றவர்கள் ரோலர் ஸ்கீயில் இருக்கும்போது தெற்கே உண்மையான பனி. விமானச் செலவு மட்டும்தான் இடையில் நிற்கிறது, அது சிறிய தொகை அல்ல.

இலையுதிர் காலத்து அன்றாட வாழ்க்கை சுவாரஸ்யமற்றது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எழுந்ததும் நாடித்துடிப்பு பார்ப்பது, காலை உணவு, இரண்டு மணி நேரப் பயிற்சி, சாப்பாடு, பகல் தூக்கம், மறுபடி பயிற்சி, இரவு ஒன்பதரைக்குப் படுக்கை. கடுமையான நாளில் சாதாரண மனிதரைப்போல் இரண்டு மடங்கு சாப்பிட வேண்டியிருக்கும். பள்ளிகள் திறந்து சளிக்காய்ச்சல் பரவும் பருவம் இது என்பதால் நோய்க்குப் பயப்படுவதும் பயிற்சியின் ஒரு பகுதி. கொரோனாவுக்குப் பல ஆண்டு முன்பே நார்வே அணியினர் கைகுலுக்கலைத் தவிர்ப்பதும் அடிக்கடி கைகழுவுவதும் கேலிக்குரிய செய்தியாக இருந்தது. சிறு குழந்தை உள்ள வீரர்கள் சில சமயம் வீட்டிலேயே தனி அறையில் தூங்குவார்கள். ஒரு வாரக் காய்ச்சல் அக்டோபரில் வந்தால் டிசம்பர் வரை அதன் கணக்கு நீளும்.

நவம்பரின் பின்பாதியில் நார்வே அணித் தேர்வுக்கு பெய்டோஸ்டோலன் என்ற மலை ஊரில் பந்தயம். அதற்கு அடுத்த வாரம் ஆர்க்டிக் வட்டத்துக்கு அருகே, பின்லாந்தின் ரூக்காவில் உலகக் கோப்பை தொடங்கும். அந்தச் சமயத்தில் அங்கே பகல் சில மணி நேரம்தான். பந்தயத்தில் விளக்கு எரியும்.

இந்த வாரத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தது மெழுகு பற்றி. அது தவறிப்போனதற்கு மரத்தூள்தான் காரணம். ஒரு வீரருக்கு எத்தனை ஜோடி ஸ்கீ, அவற்றின் அடிப்பரப்பைக் கல்லால் தேய்த்து நுண்வரி போடுவது ஏன், 2023–24 பருவம் முதல் ஃப்ளோரின் மெழுகைத் தடைசெய்த பிறகு ஸ்கீயைச் சோதிக்கும் கருவி என்ன செய்கிறது என்பவை அடுத்த இதழில்.