பத்து வயதுப் பிள்ளையின் சம்மதம்

இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்புமாக ஒடுங்கிக் கிடக்கும் மண்ணில் இருக்கிறது கண்டக்குழி. மே மாதம் தென்மேல் பருவக்காற்று எழும்பியதும் கைட் சர்பிங் விளையாட வெளிநாட்டார் வந்திறங்குவார்கள். நவம்பருக்குப் பிறகு டொல்பின் பார்க்க வரும் கூட்டம். மீன்பிடியே பிழைப்பாக இருந்த கரை இன்று கமராக்களுக்கும் பழகிவிட்டது. வலை இழுக்கும் இடத்தில் வேடிக்கை பார்த்து நிற்கும் பிள்ளை யாரோ ஒருவரின் விடுமுறைப் படத்துக்குள் வந்து, ஊர்ப்பெயரோடு இன்ஸ்டகிராமில் ஏறிவிடுகிறது. எடுத்தவர் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார். வந்துபோகிறவர்களை இதற்காகக் கண்டிப்பது நியாயமே. ஆனால் நம் பிள்ளைகளைப் பற்றிய விவரங்களை இணையத்தில் கொட்டுவதில் நாம் அவர்களை மிஞ்சி நிற்கிறோம். இணையப் பாதுகாப்பைப் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டுமென்றால், பிள்ளையிடம் அனுமதி கேட்கும் பழக்கம் முதலில் பெரியவர்களுக்கு வரவேண்டும். மற்றப் பாடங்கள் அதற்குப் பிறகுதான் ஏறும்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வெளியாகும் நாளை எடுத்துக்கொள்வோம். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படம், முழுப்பெயர், பாடசாலை, புள்ளிகள், பல வேளைகளில் தந்தையின் பெயரும் ஊரும்கூட, ஒரே வாழ்த்து அட்டையில் பேஸ்புக்கில் வந்துவிடும். ஐந்தாம் தரம் என்பதால் வயதையும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஒரு பிள்ளையோடு பேச்சுக் கொடுத்து நம்பிக்கை பெற நினைக்கும் அந்நியனுக்கு வேறென்ன வேண்டும்? "உன் வாப்பாவை எனக்குத் தெரியும், நீ இந்தப் பள்ளிக்கூடம்தானே" என்று தொடங்க அது போதும். சித்தியடையாத பிள்ளையின் பெயர் இல்லாததும் அந்த அட்டைகளில் ஊருக்கே தெரியும்படி எழுதப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் சிறுவர் ஆணையாளர் 2018 இல் வெளியிட்ட அறிக்கை, ஒரு பிள்ளைக்கு 13 வயதாகும்போது பெற்றோர் அதைப் பற்றிச் சராசரியாக 1,300 படங்களும் காணொளிகளும் சமூக ஊடகங்களில் இட்டிருப்பார்கள் என்றது. நம் ஊர்க் கணக்கு வேறாக இருக்கலாம், பழக்கம் ஒன்றுதான். மறுநாள் அதே பாடசாலையின் காலைக் கூட்டத்தில், "உங்கள் பெயர், படம், பாடசாலை எதையும் தெரியாதவர்களுக்குக் கொடுக்காதீர்கள்" என்று விழிப்புணர்வு உரை நடந்தால், அதைக் கேட்கும் பிள்ளை எதை நம்பும்?

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது: பிள்ளையின் கையில் போனைக் கொடுக்காவிட்டால் பிரச்சினையே இல்லையே. அவுஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2024 இல் நிறைவேற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. நிறுவனங்கள் மீது பொறுப்பைச் சுமத்துகிறது என்ற அளவில் அதை வரவேற்கலாம். ஆனால் அந்தத் தடையை அப்படியே கண்டக்குழிக்குக் கொண்டுவந்தால் அது எதைப் பிடிக்கும்? 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு பாடக்குறிப்புகள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. பெருந்தொற்று போனது, அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் இருப்பதோ பெரும்பாலும் ஒரு போன். தொழிலுக்குப் போய்த் திரும்பிய தந்தையின் போனில், தந்தையின் கணக்கில், பிள்ளை யூடியூபும் டிக்டொக்கும் பார்க்கிறது. நிறுவனத்தின் கண்ணுக்கு அங்கே இருப்பவர் நாற்பது வயது ஆண். சமூக ஊடகங்கள் கணக்குத் தொடங்க வைத்திருக்கும் 13 வயது என்ற எல்லையும், அமெரிக்கா 1998 இல் இயற்றிய சிறுவர் இணையத் தனியுரிமைச் சட்டத்தின் வழியாக உலகமெங்கும் பரவியது. ஒரு போனைக் குடும்பமே பகிரும் வீட்டை அது நினைத்துப் பார்த்ததில்லை. கல்விக்கென்று கொடுத்தால் ஆபத்தில்லை என்பதும் சரியல்ல. பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வோச் ஆராய்ந்து 2022 இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் பத்துக்கு ஒன்பது, பிள்ளைகளின் தரவைக் கையாண்ட விதத்தில் அவர்களின் உரிமைகளை மீறின அல்லது மீறும் ஆபத்தை உண்டாக்கின.

தடையின் பெரிய குறை வேறொன்று: அது பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது. ஒரு படத்தை வாங்கிக்கொண்டு, "பணம் தா, இல்லாவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவேன்" என்று மிரட்டுபவனின் முழுப் பலமும், பிள்ளை வீட்டில் சொல்லாது என்பதில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் எஃப்பிஐ, 2021 ஒக்டோபர் முதல் 2023 மார்ச் வரை இப்படி மிரட்டப்பட்ட சிறுவர்கள் குறைந்தது 12,600 பேர் என்றும், குறைந்தது 20 பேர் தற்கொலை செய்துகொண்டனர் என்றும் கூறியது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளையைப் பற்றி மட்டும் கவலைப்படும் நம் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். போனைப் பறிப்பார்கள், அடிப்பார்கள், படிப்பை நிறுத்துவார்கள், குடும்ப மானம் போச்சு என்பார்கள் என்று தெரிந்த பிள்ளை, உம்மாவிடம் சொல்வதைவிட மிரட்டுபவனுக்குப் பணிவதே மேல் என்று முடிவெடுக்கும். "என்ன நடந்தாலும் என்னிடம் சொல், உன்னை ஏச மாட்டேன்" என்ற வாக்கை நெருக்கடி வருமுன்பே கொடுத்து, சின்ன விஷயங்களில் காப்பாற்றியும் காட்டவேண்டும். பிறகு செய்ய வழி உண்டு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தை அழைக்கலாம். 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க, 'டேக் இட் டவுன்' சேவை உதவும். படம் போனைவிட்டு வெளியே போவதில்லை, அதன் எண்வடிவ அடையாளம் மட்டுமே இணைந்துள்ள நிறுவனங்களுக்குப் போகிறது.

பிள்ளையின் வெற்றியை ஊரோடு கொண்டாடுவது குற்றமா என்று கேட்பார்கள். குற்றமில்லை, பெயரையும் பாடசாலையையும் படத்தையும் ஒன்றாகச் சேர்க்காமலும், குடும்பக் குழுவுக்குள்ளும் கொண்டாடலாம். வறுமையில் இருக்கும் ஊருக்குத் தனியுரிமை ஆடம்பரம் என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியாது. சப்பாத்தும் புத்தகப்பையும் வாங்கும்போது கமராவைப் பார்த்துச் சிரிக்க வைக்கப்படுவது ஏழைப் பிள்ளைதான். உதவிக்கு விலையாக அதன் முகத்தை எடுத்துக்கொள்கிறோம், பத்து வருடங்கள் கழித்து அது வேலை தேடும்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். சட்டம் இங்கே அரைவாசி தூரம்தான் வருகிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் தரவைச் சிறப்புக் கவனத்துக்குரியதாக வகைப்படுத்தி, சம்மதத்தைப் பெற்றோரிடம் பெறச் சொல்கிறது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போடப்பட்டது. தனிமனிதர் வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவை அது தொடுவதுமில்லை. பிரான்ஸ் 2024 பெப்ரவரியில் இயற்றிய சட்டம் ஓரடி முன்னே போய், பிள்ளையின் உருவப்பட உரிமையைக் காப்பது பெற்றோரின் கடமை என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பப் பிள்ளையையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது.

கண்டக்குழிப் பாடசாலையோ மதரசாவோ பள்ளிவாசல் நிர்வாகமோ தேவாலயமோ அந்த மாதிரிச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளையைச் சேர்க்கும் படிவத்தில் இரண்டு வரி போதும்: படத்தை வெளியிடப் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு வரி, பிள்ளையின் கையெழுத்துக்கு ஒரு வரி. வேண்டாம் என்ற பிள்ளையின் படத்தை அதிபரே கேட்டாலும் போடக்கூடாது. உதவி கொண்டுவரும் அமைப்புகளுக்கும், படகில் ஆட்களை ஏற்றும் சுற்றுலா நடத்துநர்களுக்கும் இதே நிபந்தனையை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.