விபத்து இழப்பீடு: கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

கர்நாடகத்தில் 2008-இல் நடந்த சாலை விபத்து ஒன்றில் காய்கறி வியாபாரி ஒருவருக்கு வலது கால் போனது. வயது 24. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே அலசப்பட்ட விஷயங்களில் ஒன்று, காய்கறி விற்க நடமாட்டம் அவ்வளவு அவசியமா என்பது. ஓரிடத்தில் உட்கார்ந்தே விற்கலாமே என்ற வாதத்தை 2014-இல் தீர்ப்பளித்த நீதிபதிகள் ஏற்கவில்லை. மொத்தச் சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுக்க வேண்டும், கொண்டுவந்து சேர்க்க வேண்டும், பல நேரம் வண்டியும் தள்ள வேண்டும். சம்பாதிக்கும் திறனில் 85 சதவீதம் போய்விட்டது என்று முடிவு செய்தார்கள். வருமானத்துக்குச் சான்று? சொந்தமாகச் சில்லறை வியாபாரம் செய்பவரிடம் காகிதம் எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, மாதம் 6,500 ரூபாய் என வைத்துக்கொண்டார்கள்.

மிச்சமெல்லாம் பெருக்கல்தான். எதிர்கால வருமான உயர்வுக்காகப் பாதி சேர்த்ததில் 9,750. அதில் 85 சதவீதம். அதை 12 மாதத்தால் பெருக்கி, வந்ததை 18-ஆல் பெருக்கினால் 17,90,100 ரூபாய். மருத்துவச் செலவு, வலி, வேதனைக்கான தொகையெல்லாம் தனி. அந்த 18 என்பது 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று வகுத்த அட்டவணையில் 15 முதல் 25 வயது வரைக்கான எண். வயது ஏற ஏற அது இறங்கும். 65 தாண்டியவருக்கு 5. எதிர்கால உயர்வு விகிதத்தை 2017-இல் மாற்றினார்கள்: 40 வயதுக்கு உட்பட்ட சுயதொழில்காரருக்கு இப்போது 40 சதவீதம்.

மருத்துவக் குழு எழுதித் தரும் ஊன சதவீதத்தையே கடைசிக் கணக்கு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு. 2010-இல் உச்ச நீதிமன்றமே இதற்கு ஓர் உதாரணம் காட்டியது. இடது கையை இழந்தவருக்கு உடல் ஊனம் 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால் பிழைப்பு இழப்பு கிட்டத்தட்ட நூறு. அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையே போகாமல் இருக்கலாம். ஆகவே தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்லும்போது காயத்தைவிட வேலையை விவரிப்பது முக்கியம். எத்தனை கிலோ தூக்குவார், எவ்வளவு நேரம் நிற்பார் என்பதெல்லாம் பதிவாக வேண்டும்.

வழக்கு சறுக்குவது பெரும்பாலும் முதல் நாள் இரவில்தான். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கும் உறவினர், "போலீஸ் கேஸெல்லாம் வேண்டாம் சார், தானா வழுக்கி விழுந்துட்டார்னு போட்டுக்கங்க" என்பார். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், அந்த ஒரு வரி ஏறிவிடும். பின்னால் மோதிய வண்டியின் எண்ணோடு வந்து நின்றாலும் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். முதல் தகவல் அறிக்கை தாமதமானது என்பதற்காக மட்டுமே மனுவைத் தள்ளக் கூடாது என்று தீர்ப்பு இருக்கிறது; ஆனால் ஏ.ஆரில் ஏறிய தவறான வரியைச் சரிக்கட்டுவது அதைவிடக் கஷ்டம்.

2022 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி, காவல்துறை 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளில் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அதே மாதம் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடுவும் வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு. ஆனால் அந்த வழக்குகளை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனமல்ல. விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. மனுதாரர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். மோதிய வண்டி நிற்காமல் போய், எதுவென்றே தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் கொடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு.

மருத்துவமனை வாசலிலேயே ஆள் வந்து, "செலவு எங்களது, வருவதில் இத்தனை சதவீதம் கொடுத்தால் போதும்" என்று பேரம் பேசுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. வழக்கின் பலனில் பங்கு கேட்பதை இந்திய பார் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன என்பது, வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

தீர்ப்பு வந்தாலும் பணம் தானாக வந்துவிடாது. தமிழ்நாட்டில் 'இழப்பீடு தராத அரசு பஸ் ஜப்தி' என்ற செய்தி அடிக்கடி பத்திரிகையில் வரும். அரசு போக்குவரத்துக் கழகங்கள் தனியாரைப் போலக் காப்பீடு எடுக்காமல் சொந்த நிதியிலிருந்து இழப்பீடு தரச் சட்டம் இடம் தருகிறது. அந்த நிதி வறண்டால் மனுதாரர் நிறைவேற்று மனு போட, நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கு வந்து, புறப்படத் தயாராக நிற்கும் வண்டியில் நோட்டீஸ் ஒட்டுவார். பயணிகள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வண்டிக்கு ஓடுவார்கள். கழகம் பணம் கட்டும்வரை தீர்ப்புத் தொகைக்கு வட்டியும் ஏறும். தமிழ்நாட்டுத் தீர்ப்புகளில் பெரும்பாலும் ஆண்டுக்கு 7.5 சதவீதம், மனு போட்ட நாளிலிருந்து.