பாடினால் மனம் ஏன் அடங்குகிறது?

திருவையாற்றில் காவிரிக் கரையில் வாழ்ந்த தியாகராஜர் (1767–1847), மன அமைதியைப் பற்றியே சாம ராகத்தில் ‘சாந்தமுலேக’ கிருதியை இயற்றினார். அதை நிதானமாகப் பாடும்போது உடம்பும் நிதானப்படுகிறது. எப்படி?

நீண்ட அடியைப் பாட மூச்சை மெல்ல மெல்லத்தான் விட வேண்டும். உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும். வெளிவிடும்போது வேகஸ் நரம்பு அதைக் குறைக்கும். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு. அது ஆறை நெருங்கினால் மூச்சும் இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் ஒரே தாளத்தில் சேர்கின்றன. ஜெபமாலையும் மந்திரமும் மூச்சை அந்த ஆறுக்கே கொண்டுவருவதை இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழு 2001இல் அளந்து காட்டியது.

கவலையின் காரணம் இதனால் தீராது, படபடப்பு தணியும். சங்கீதம் தெரியாதவர்கள் முணுமுணுத்தாலும் போதும், வெளிமூச்சு நீளமாக இருக்கட்டும்.